குடை பிடித்த பாஷ்யமும் கரைந்துபோன ஜோடியும்

சின்ன காஞ்சிபுரத்தில் கவலைகளுக்குக் குறைவில்லை. ஜரிகை விலை, கோயில் யானைக்கு எந்த நாமம், புறப்பாட்டில் யார் யாருக்கு முன்னால் நிற்பது, ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்குமா என்று ஊருக்குப் போதுமான அளவுக்கு இருந்தன. இவை எதுவும் போதாமல், சார்ம் குவார்க்குக்கு என்ன ஆயிற்று என்று பல் தேய்க்கும்போதே கவலைப்பட ஆரம்பித்த மனிதர் சந்நிதித் தெருவில் ஒருவர்தான். பெயர் பாஷ்யம்.

பாஷ்யத்துக்கு உலகில் இரண்டு வேலைகள். ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில், வெர்னியர் அளவியில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவது ஒன்று. அதற்குச் சம்பளம் உண்டு, மரியாதை கிடையாது. வரதராஜப் பெருமாள் வீதிக்கு எழுந்தருளும் நாட்களில் திருக்குடையின் காம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பது மற்றொன்று. அப்பாவின் வழியாக வந்த கைங்கரியம். அதற்கு மரியாதை உண்டு, சம்பளம் கிடையாது. மிச்ச நேரத்தில் அவர் மூன்றாவதாக ஒன்று செய்தார். அதற்கு இரண்டுமே கிடையாது. அது ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாஷ்யம் சொன்னால்தான் நீளும். ஈயத்தின் அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓடவிட்டு ஈயத்தின் மேலேயே மோதவிட்டால், மோதின இடம் சூரியனின் வயிற்றைக் காட்டிலும் லட்சம் மடங்கு சூடாகிறது. அந்தச் சூட்டில் புரோட்டான், நியூட்ரான் என்கிற வீடுகளின் சுவர்களெல்லாம் இடிந்து, உள்ளே அடைந்து கிடந்த குவார்க்குகள் தெருவில் இறங்கிவிடும் என்பது சித்தாந்தம். இறங்கினவா என்று எட்டிப் பார்க்க முடியாது. எட்டுவதற்குள் எல்லாம் ஆறி, அதது கிடைத்த வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கும். தெர்மாமீட்டர் வைக்கவும் வழியில்லை.

ஆகையால் ஒரு ஜோடியை உளவுக்கு விடுவார்கள். சார்ம் என்னும் கனத்த குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் மோதலின் முதல் இமைப்பிலேயே சேர்ந்து பிறப்பவை. இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வெளியே வந்தால் அந்த ஜோடிக்கு ஜே-சை என்று பெயர். கண்டுபிடித்தவர்கள் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி ஜே என்றது, மற்றது சை என்றது, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். இந்த இடத்தை மட்டும் சந்நிதித் தெருவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொதிப்பு உண்மையாக இருந்தால் ஜோடி கரைந்துவிடும். சார்ம் ஒரு பக்கம், எதிர்-சார்ம் ஒரு பக்கம் என்று வழியில் கிடைத்த சில்லறைக் குவார்க்குகளோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். வெளியே வந்த ஜே-சைகளை எண்ணிப் பார்த்து, வரவேண்டியதைவிடக் குறைந்தால் நடுவில் கொதித்திருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். ஆக, இந்த விஞ்ஞானத்தில் வந்தவர்களுக்கு மதிப்பில்லை. வராதவர்களே சாட்சி.

வராதவர்களைப் பற்றி பாஷ்யத்துக்குச் சொந்த அனுபவம் இருந்தது.

அவருடைய மனைவி ஸுபத்ரா திருப்புட்குழிப் பெண். சென்னையில் ஆராய்ச்சி செய்த காலத்தில் அவருக்கு ஒரு வருஷம் மூத்த மாணவி. பாஷ்யம் தாளில் ஜே-சையை உருக்குவார். ஸுபத்ரா அதைப் பிடிக்கும் கருவிகளைக் கட்டுகிற கட்சி. அவர் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கில் இரண்டாவது வரியிலேயே கூட்டல்-கழித்தல் குறி தப்பு என்று அவள் காட்டிய அன்று, அதற்கு மேல் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஜாதகம் பொருந்தியது. ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை "டேய் பாஷ்யம்" என்று கூப்பிட்டவள், சந்நிதித் தெருவில் கால் வைத்த நாளிலிருந்து "ஏன்னா" என்றாள். கனத்த குவார்க்குகளுக்குக்கூட இவ்வளவு திடீர் மாற்றம் நேர்ந்ததாகப் பதிவில்லை.

வீட்டில் அப்பா, அம்மா கோதா, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளை வாசுதேவ், கல்யாணம் காட்சி என்று வந்து திரும்பிப் போக மறந்தவர்கள் என்று எப்போதும் ஒரு கூட்டம். ஸுபத்ரா சமையலறை நிலைப்படியிலிருந்து கூடத்தில் இருக்கும் கணவரிடம் ஒன்று கேட்பாள்.

"ஏன்னா, அந்த ரெண்டாவது கிராஃப் பாத்தேளா?"

"என்ன கேக்கறா?" என்பார் சித்தப்பா, நடுவிலிருந்து.

"ஏதோ பாத்தியான்னு கேக்கறா," என்பாள் சித்தி.

"அவன் எதைப் பாத்தான்? குளிக்கப் போகாம உக்காந்துண்டிருக்கான்," என்பாள் கோதா. "டேய், முதல்ல குளி."

"அண்ணா, மன்னி உங்களைக் குளிக்கச் சொல்றா," என்று வாசுதேவ் செய்தியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான்.

பாஷ்யம் குளிக்கப் போவார். கிராஃப் அப்படியே இருக்கும்.

ஜே-சை ஏன் கரைகிறது என்பதை அவர் உண்மையில் புரிந்துகொண்டது அந்த நாட்களில்தான். இரண்டுக்கும் நடுவே போதுமான கூட்டம் நுழைந்துவிட்டால் ஒன்றின் இழுப்பு மற்றொன்றை எட்டுவதில்லை. யாரும் வெட்டிவிட வேண்டியதில்லை. யாரும் கெட்டவர்களும் இல்லை. நடுவில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறில் ஜெனீவாவுக்கு அருகே அந்த மோதல்கள் நடக்கும் இடத்திலிருந்து இருவருக்கும் அழைப்பு வந்தது. அதே வருஷம் மாசியில் பாஷ்யத்தின் அப்பா காலமானார். வைகாசி கருட சேவைக்குக் குடை பிடிக்க மூத்த பிள்ளை வேண்டும்.

"நீ முன்னாடி போ. கருட சேவை முடிஞ்சதும் வந்துடறேன்," என்றார் பாஷ்யம், மொட்டை மாடியில், வடாம் காய்கிற இடைவெளியில்.

ஸுபத்ரா போனாள். கருட சேவை முடிந்தது. பிறகு ஆனி வந்தது, ஆடி வந்தது, நவராத்திரி வந்தது. காஞ்சி வரதர் வெளியே கிளம்பாத மாதம் என்று ஒன்று இருந்தால் பாஷ்யம் அதில் கிளம்பியிருப்பார். இல்லாததால் வருஷங்கள் போயின.

தெரு ஏமாந்தது. ஒரு சண்டை, ஒரு கூச்சல், ஒரு கதவு அறைகிற சத்தம் கிடைத்திருந்தால் திருப்தியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லாததால் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து யூகித்தது. ஆரம்பத்திலேயே ஒட்டவில்லை, எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் இதே கதிதான் என்றது ஒரு கட்சி. அந்த வீட்டுச் சூடுதான் காரணம் என்றது மற்றது. உலக விஞ்ஞானிகளும் அந்த ஆண்டுகளில் இதே இரண்டு கட்சியாகத்தான் இருந்தார்கள். ஜே-சை குறைவது சாதாரண அணுக்கருவில் முட்டி மோதி உடைவதாலா, அல்லது உண்மையான கொதிப்பாலா என்று கருத்தரங்கு கருத்தரங்காக அடித்துக்கொண்டார்கள். சந்நிதித் தெரு அதே விவாதத்தைக் குழாயடியில் முடித்துக்கொண்டது. அதற்குப் பயணப்படி கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பாஷ்யம் மாணிக்கவாசகத்தின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு பருத்த பட்டு வியாபாரி உள்ளே போய்த் திரும்பிய நாளிலிருந்து அதன் கதவு சாத்திக்கொள்வதில்லை. பின்னால் துபாய்க்கும் பம்பாய்க்கும் பேச ஒரு வரிசை நிற்கும். நீ இல்லாமல் வீடு பெரிதாகிவிட்டது என்று சொல்லத்தான் ஒவ்வொரு வாரமும் போவார். பின்னால் யாராவது இருமுவார்கள். "பின்னணியைச் சரியாக் கழிச்சியா? டெம்பரேச்சர் எவ்வளவு வரது?" என்று கேட்டுவிட்டு வெளியே வருவார்.

"சார், துபாய்க்குப் பேசுறவங்க அழுதுக்கினே பேசுறாங்க," என்பார் மாணிக்கவாசகம். "நீங்க மட்டும் வாராவாரம் டெம்பரேச்சர் கேட்டுக்கினு இருக்கீங்களே. ஊட்டுக்காரம்மாவுக்கு அங்க அவ்ளோ குளிரா?"

"அந்த டெம்பரேச்சர் இல்லப்பா. ஒரு ஜோடி இருக்கு, அது கரையுமா நிக்குமான்னு பாக்கறோம்."

"எந்த ஜோடியோ சார். வரிசைல நிக்கிறவங்கல்லாம் என்னாண்டதான் கேக்குறாங்க, சேந்துச்சா இல்லியான்னு. நான் இன்னா சொல்றது?"

இரண்டாயிரம் பிப்ரவரியில் ஜெனீவாவில் அறிவித்தார்கள்: குவார்க்குகள் வீதிக்கு வந்துவிட்ட புது நிலைப் பொருள் ஒன்றுக்குச் சான்று கிடைத்திருக்கிறது என்று. சான்றுகளில் ஒன்று, வராமல்போன ஜே-சை. பாஷ்யம் செய்தித்தாளோடு பூத்துக்கு ஓடினார்.

"பாத்தியா?" என்றாள் ஸுபத்ரா. ஃபோனில் அவள் பழைய ஆராய்ச்சிக்கூடத்து ஸுபத்ரா, ஏன்னா கிடையாது.

"பாத்தேன். லூஸாக் கட்டினதெல்லாம் முன்னாடியே கரைஞ்சுடும். ஜே-சை கெட்டி. அதுவே போறதுன்னா..."

"சூடு ஜாஸ்தின்னு அர்த்தம். இங்க பாரு பாஷ்யம், எனக்கு அடுத்த வருஷம் ஜூனோட ஒப்பந்தம் முடியறது. அப்புறம் நிரந்தரமாத் தரேங்கறா. அடுத்த வருஷ வைகாசிக்கு வரேன். ஆத்துக்கு வர மாட்டேன், வந்தா உன்கிட்ட பேச முடியாது. திருப்புட்குழிலேருந்து நேரா கருட சேவைக்கு வந்து கோபுர வாசல்ல நிக்கறேன். வான்னு சொல்லு, வந்துடறேன். வரேன்னு சொல்லு, காத்துண்டிருக்கேன். ரெண்டும் சொல்லலேன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

பாஷ்யத்தின் வாயில் வார்த்தை வந்து நின்றது. அவர் தோளுக்குப் பின்னால் பம்பாய் நம்பரைக் கையில் வைத்திருந்த ஒருவர் இருமினார்.

"எரர் பார் எவ்வளவு?" என்றார் பாஷ்யம்.

அளவு எவ்வளவு தப்பியிருக்கலாம் என்கிற அந்த எண்ணைச் சொல்லிவிட்டு ஸுபத்ரா ஃபோனை வைத்தாள். விஞ்ஞானியை மனைவியாக அடைந்தவர் எதைக் குறை சொன்னாலும், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகும் வாராவாரம் பேசினார்கள். வைகாசியைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. இடையில் ஒருநாள் சென்னை நூலகத்தில் பாஷ்யம் ஒரு புதுக் கட்டுரையை நின்றபடியே படித்தார். இன்னும் பலமாக மோதவிட்டால் சார்ம்களின் கூட்டமே மிகுந்துவிடும். கொதிப்பு அடங்குகிற நேரத்தில், தனித்தனியாகத் திரிந்தவை கூட்டத்தில் ஒன்றையொன்று கண்டு மறுபடி ஜோடி சேரவும் கூடும் என்று அதில் இருந்தது. பாஷ்யத்துக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சேர்கிறவை பழைய ஜோடியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை என்று அங்கே எழுதியிருந்தது. அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

வைகாசி வந்தது.

கருட சேவையன்று விடிகாலையில் வரதர் கருடன் மேல் ஏறிக் கோபுர வாசலுக்கு வரும்போது ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் சோளிங்கரிலிருந்து சேவைக்கு வந்துகொண்டிருந்த தொட்டாசாரியார் என்ற பெரியவர் ஒரு வருஷம் உடம்புக்கு முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்டார். குளக்கரையில் உட்கார்ந்து காஞ்சிப் பக்கம் பார்த்து ஏங்கினார். வரதர் அந்த வேளையில் இங்கே மறைந்து அங்கே போய் அவருக்குச் சேவை சாதித்துவிட்டு வந்தார். அந்த நினைவில் இன்றைக்கும் கோபுர வாசலில் இரண்டு குடைகளையும் தாழ்த்தி ஒரு கணம் பெருமாளை மறைப்பார்கள். அந்த ஒரு கணம் பெருமாள் ஊரில் இல்லை. எங்கேயோ ஏங்குகிறவரிடம் போயிருக்கிறார். குடை உயர்ந்தால் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். அத்தனை கூட்டமும் அப்போது ஒரே தொண்டையாகக் கோவிந்தா போடும்.

குடையைத் தாழ்த்துகிற கைகளில் பாஷ்யத்தின் கைகளும் உண்டு. ஸுபத்ரா போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்தக் கணத்தில், போகிற வழியில் என்னையும் எங்கேயாவது இறக்கிவிட்டால் என்ன என்று பெருமாளைக் கேட்காமல் இருந்ததில்லை. பெருமாள் சோளிங்கர் தவிர வேறு வழித்தடம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று குடையைத் தாழ்த்தினார்கள். பாஷ்யம் குடையின் தொங்கல்களுக்கு இடையே கூட்டத்தைப் பார்த்தார். வாசலின் இடப்பக்கம், பெண்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில், மாம்பழ நிறப் புடவையில் ஸுபத்ரா நின்றாள். மூக்குக்கண்ணாடி பெரிதாகியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அவளும் பெருமாளைப் பார்க்கவில்லை. குடைக் காம்பைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். அப்புறம் கூட்டம் ஓர் அலையாகப் புரண்டது. நடுவில் தலைகள், கைகள், தோளில் தூக்கிய குழந்தைகள். அவள் நின்ற இடம் மூடிக்கொண்டது.

பாஷ்யம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றக் குடை உயர்ந்தது. அவருடையது உயரவில்லை.

"இன்னாய்யா இன்னும் காணோம்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சோளிங்கர்லயே தங்கிட்டாரு போல."

"பஸ்ஸு கெடைக்கலியோ இன்னாவோ."

"அண்ணா, குடையத் தூக்குங்கோ," என்று காதருகே கிசுகிசுத்தான் மாற்றாளாக நின்ற வாசுதேவ். "எல்லாரும் பாக்கறா."

"வாசு, இதப் பிடி."

"எதுக்கு?"

"காம்பப் பிடிடா. நான் போயிட்டு வரேன்."

"கருட சேவை நடந்துண்டிருக்கு. இப்போ எங்க போறேள்?"

"அதனாலதான் போறேன்," என்றார் பாஷ்யம்.

அவர் வம்சத்தில் சேவையின் நடுவே காம்பை விட்டவர் கிடையாது. வாசுதேவ் குடையை உயர்த்தினான். பெருமாள் திரும்பி வந்தார். கோவிந்தா கோஷத்தில் கோபுரத்துப் புறாக்கள் எழும்பின. பெருமாள் இருந்த பக்கம் பார்க்காமல், எதிர்த்திசையில் கூட்டத்துக்குள் இறங்கிய ஒரே ஒரு வேஷ்டியை யாரும் கவனிக்கவில்லை. மதிலோரம் நின்ற கோதாவைத் தவிர.

பாஷ்யம் முட்டி மோதி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஸுபத்ரா அங்கே இல்லை.

"கண்ணாடி போட்ட அம்மாவா?" என்றாள் துளசி விற்றுக்கொண்டிருந்த பெண். "உங்களப் பாத்துட்டுதான் குடையாண்ட போச்சு. நீங்க இந்தாண்ட வந்தீங்க, அது அந்தாண்ட போச்சு."

பாஷ்யம் திரும்பிக் குடையிடம் போனார். வாசுதேவ் இருந்தான், அவள் இல்லை. கூட்டம் கருடனோடு பெரிய காஞ்சிபுரத்தை நோக்கி நகர்ந்தது. அவரையும் சேர்த்து இழுத்தது. நீர்மோர்ப் பந்தல்களில் பார்த்தார். மாம்பழ நிறத்தைக் கண்டபோதெல்லாம் ஓடினார். காஞ்சிபுரத்தில் புடவையின் நிறத்தை வைத்து ஒருத்தியைத் தேடுவது எப்படிப்பட்ட காரியம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வெயில் ஏறியது. கூவிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவருக்கு, அவளைப் பெயர் சொல்லித் தெருவில் கூப்பிட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கடைசியில் கால்கள் அவரைக் கேட்காமலேயே மாணிக்கவாசகத்தின் பூத்துக்குப் போயின. ஐந்து வருஷமாக அவள் குரல் கேட்ட இடம் ஊரில் அது ஒன்றுதான்.

ஸுபத்ரா கண்ணாடிக் கூண்டுக்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு சின்னதா," என்றாள் அவள். "பெரிய ரூம்னு நெனச்சிண்டிருந்தேன்."

"கதவு சாத்தாது."

"தெரியும். பின்னாடி யாராவது இருமிண்டே இருப்பா."

"சார், அம்மா வந்து ஒரு நிமிசம் இங்க உக்காரலாமான்னு கேட்டதுமே கண்டுபுடிச்சிட்டேன்," என்றார் மாணிக்கவாசகம். "ரிசீவர் சத்தம் வெளிய வரும் சார். அஞ்சு வருசமாக் கேட்டுக்கினு இருக்கறேன்."

வெளியே, கருட சேவைக்கு வந்து வீட்டுக்குத் தகவல் சொல்ல நின்றவர்களின் வரிசை, பூத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. பாஷ்யம் கூண்டுக்குள் நுழைந்தார். இரண்டு பேருக்கு இடமில்லை, நின்றார்.

"கூட்டத்தோட டென்சிட்டி ஒரு அளவுக்கு மேல போனா..." என்று தொடங்கினார்.

"பாஷ்யம்," என்றாள் ஸுபத்ரா.

வரிசையில் யாரோ இருமினார்கள். பாஷ்யம் காத்திருந்தார். இருமல் நிற்கும் வழியாக இல்லை.

"நானும் வரேன்," என்றார், இருமலுக்கு நடுவிலேயே.

"சொல்லிட்டாருப்பா," என்று வரிசையின் தலையில் நின்றவர் பின்னாலிருந்தவர்களுக்கு அறிவித்தார். "சார், கொஞ்சம் வெளிய வந்தீங்கன்னா, ஆரணிக்கு ஒரு போன் பண்ணணும்."

வெளியே வந்தார்கள். ஸுபத்ரா கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தாள், நெடுநேரம் துடைத்தாள்.

"குடை?"

"வாசு பிடிச்சிண்டிருக்கான்."

"அம்மா?"

இதற்குப் பாஷ்யத்திடம் எரர் பார்கூட இல்லை.

பெரியவர்கள் கூடி விசாரித்தார்கள். சேவையின் நடுவே காம்பை விட்டதற்கு முன்னுதாரணம் இல்லை. முன்னுதாரணம் இல்லாததால் தண்டனையும் இல்லை என்று தீர்மானித்து, புளியோதரை சாப்பிட்டுக் கலைந்தார்கள். குடை வாசுதேவிடம் போயிற்று.  பாஷ்யம் புறப்படும் நாளன்று கோதா அவர் பெட்டியில் மிளகாய்ப்பொடியை மூன்று உறை போட்டுக் கட்டி வைத்தாள்.

ஜெனீவாவில் வீடு மிகச் சிறியது. நடுவில் யாரும் இல்லை. முதல் சில வாரம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கேட்கிறவர்கள் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் விழித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். பாஷ்யம் கிராஃபைப் பார்த்தார். மாலையில் ஜன்னலோரம் நின்று, இந்நேரம் சந்நிதித் தெருவில் என்ன புறப்பாடு என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் குறி தப்பியதே இல்லை.

மறு வைகாசியில், கருட சேவை முடிந்து அம்மா பூத்துக்கு வந்து சேரும் நேரம் பார்த்து, அவரே அங்கே ஃபோன் செய்தார். முதலில் மாணிக்கவாசகம் எடுத்தார். "அம்மா வந்து ரொம்ப நேரமா குந்திக்கினு இருக்காங்க சார். இதோ தர்றேன்."

"சேவை ஆச்சாம்மா?"

"ஆச்சு. நன்னா ஆச்சு. வாசுகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன், குடைய சட்டுனு தூக்கிடாதேடான்னு."

"ஏம்மா?"

"சோளிங்கர் பக்கம். போனார் வந்தார்னு ஆயிடும். நீ இருக்கற எடம் எவ்வளவு தூரம். பெருமாளுக்கும் மூச்சு வாங்காதா?"

பாஷ்யம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தூரத்தில் பனி மலை. கீழே ஒரு டிராம்.

"வந்தாரோ?" என்றாள் கோதா.

வராதவர்களே சாட்சி என்று ஆயுள் முழுக்க வாதாடியவர் அன்று வந்தவர் பக்கம் சாட்சி சொன்னார். "வந்தார்ம்மா."

அந்தப் பக்கம் கோதா ஏதோ சொல்ல வாயெடுத்தது கேட்டது. அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"அங்க டெம்பரேச்சர் எவ்வளவுடா?" என்றாள் கோதா.